எதிரணி வாசலில் நிற்கிறது

2019 அக்டோபர் 15 அன்று மாலை, தென்கொரிய ரசிகர்கள் தங்கள் அணியின் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டத்தைக் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்கவுமில்லை. பியாங்யாங்கின் கிம் இல் சுங் மைதானத்தில் இருந்த ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் அதிகாரி கோலாலம்பூர் தலைமையகத்துக்குத் தகவல் அனுப்புவார். அங்கிருந்து அது சியோலில் உள்ள கொரியக் கால்பந்துச் சங்கத்துக்குப் போகும். சங்கம் அதைப் பத்திரிகையாளர்களிடம் சொல்லும். நேரடி ஒளிபரப்புக்கு அனுமதி தரப்படவில்லை. தென்கொரியச் செய்தியாளர்களுக்கும் ரசிகர்களுக்கும் விசா தரப்படவில்லை. இடைவேளை வரை கோல் இல்லை, இன்னாருக்கு மஞ்சள் அட்டை என்று துண்டு துண்டாக வந்த செய்தி கடைசியில் 0-0 என்று முடிந்தது.

விருந்தினர் அணியின் ரசிகர்களை ஒரு நாடு உள்ளே விடாதது புதுமையல்ல. அன்றைய புதுமை உள்ளூர்க்காரர்களும் இல்லாததுதான். 50,000 பேர் உட்காரக்கூடிய மைதானம் காலியாகக் கிடந்தது. நிரம்பிய கேலரியை எதிர்பார்த்து வந்த ஃபிஃபா தலைவர் ஜியான்னி இன்ஃபான்டினோ ஏமாற்றத்தோடு திரும்பினார். ஆட்டம் கடுமையாக இருந்ததென்றும், காயமில்லாமல் ஊர் வந்து சேர்ந்ததே பெரிது என்றும் தென்கொரிய அணித்தலைவர் சோன் ஹுங் மின் பிறகு சொன்னார். சியோலுக்கும் பியாங்யாங்குக்கும் இடையே ஏறத்தாழ 200 கிலோமீட்டர்தான். ஆனால் அணி பெய்ஜிங் சுற்றிக்கொண்டு போனது. கைபேசிகளை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். கையோடு கொண்டுபோன இறைச்சியும் கடல் உணவும் முன்னனுமதி பெறாதவை என்று எடுத்துக்கொள்ளப்பட்டன. ஐந்து நாட்களுக்கு முன் இதே தென்கொரிய அணி தன் ஊரில் இலங்கையை 8-0 என்று தோற்கடித்திருந்தது. இலங்கையும் வடகொரியாவும் அதே பிரிவில் இருந்த அணிகள். செப்டம்பரில் வடகொரியா கொழும்புக்கு வந்து ஆடிவிட்டுப் போயிருந்தது. ஒரே பிரிவில், ஒரே விதிகளின் கீழ் எத்தனை விதமான வரவேற்புகள் இருக்க முடியும் என்பதற்கு அந்தச் சில வாரங்களே போதும்.

விதிகள் என்ன கேட்கின்றன? ஆட்டத்துக்கு முன்னும் நடுவிலும் பின்னும் பாதுகாப்புக்கு உள்ளூர்ச் சங்கம் பொறுப்பு. இரு நாட்டுக் கொடிகளும் பறக்க வேண்டும். இரு தேசிய கீதங்களும் ஒலிக்க வேண்டும். விருந்தினர் அணிக்கு நாட்டுக்குள் வர வழி செய்ய வேண்டும். ஐரோப்பியப் போட்டிகளில் மொத்த இருக்கைகளில் 5 சதவீதம் எதிரணி ரசிகர்களுக்கு. ஏறத்தாழ இவ்வளவுதான்.

பியாங்யாங் இவற்றில் எதை மீறியது? 2008-ல் அது தெளிவாக மீற முயன்றது. தென்கொரியாவின் கொடியும் கீதமும் தன் மண்ணில் கூடாது என்று வடகொரியா நின்றதால் அந்த ஆட்டம் ஷாங்காய்க்கு மாற்றப்பட்டது. 2019-ல் அந்தத் தகராறு இல்லை. கீதம் ஒலித்தது, கேட்க ஆளில்லை, அவ்வளவே. உள்ளூர்ச் சங்கம் தன் மக்களுக்கே டிக்கெட் விற்காவிட்டால் தண்டிக்க விதியில் இடமில்லை. அப்படி ஒரு சங்கம் நடந்துகொள்ளும் என்று விதி எழுதியவர்களுக்குத் தோன்றியிருக்காது.

ஏன் அப்படிச் செய்தார்கள் என்று வடகொரியா விளக்கவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் ஹனோயில் டிரம்ப்–கிம் பேச்சு முறிந்தபின் இரு கொரியாக்களின் உறவு இறுகியிருந்தது உண்மை. ஆனால் உறவு இறுகியதால் விருந்தாளியிடம் முகம் கொடுக்கவில்லை என்பது பாதி விளக்கம்தான். விருந்தாளியை அவமதிப்பதே நோக்கமென்றால் 50,000 பேரை உட்காரவைத்துக் கத்தச் சொல்வது எளிது. 2017 ஏப்ரலில் மகளிர் ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இதே மைதானத்தில் இரு கொரியாக்களின் பெண்கள் அணிகளும் மோதியபோது கேலரி நிரம்பி வழிந்தது. 1-1 என்று முடிந்தது. வடகொரியப் பெண்கள் அணி ஆசியாவின் பலசாலிகளில் ஒன்று. ஆண்கள் அணியின் கதை வேறு. அப்போது இங்கிலாந்தில் ஆடிக்கொண்டிருந்த சோன் போன்ற ஒருவரை, தெற்கிலிருந்து வந்த ஒரு கொரியரை, தன் மக்கள் கண்ணால் பார்ப்பதையும், அவர் கோல் அடித்துக் கொண்டாடுவதையும் அரசு விரும்பியிருக்காது. இது என் ஊகம். ஆனால் காலியான கேலரிக்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தட்டுப்படவில்லை. அன்று உள்ளே விடப்படாத முதல் பார்வையாளர்கள் பியாங்யாங் மக்களே.

இதை ஒரு விசித்திர நாட்டின் விசித்திரப் பழக்கம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அதே வாரத்தின் மற்ற ஆட்டங்களையும் சேர்த்துப் பார்க்கும்போது, எதிரணிக்குக் கிடைக்கும் வரவேற்பைத் தீர்மானிப்பது பெரும்பாலும் எதிரணி அல்ல, வீட்டுக்குள்ளேயே தீராமல் கிடக்கும் ஒரு கணக்குதான் என்று தோன்றுகிறது.

பியாங்யாங்குக்கு ஐந்து நாள் முன்பு, அக்டோபர் 10 அன்று, தெஹ்ரானின் ஆசாதி மைதானத்தில் ஈரான் கம்போடியாவை 14-0 என்று வென்றது. கரீம் அன்சாரிஃபர்த் நான்கு கோல், சர்தார் அஸ்மூன் மூன்று. அந்த எண்களை யாரும் நினைவில் வைத்திருக்கப் போவதில்லை. கேலரியின் ஒரு மூலையில், வேலி கட்டிப் பிரிக்கப்பட்ட பகுதியில், பெண் காவலர்களின் கண்காணிப்பில் 3,500-க்கும் மேற்பட்ட ஈரானியப் பெண்கள் தாங்களே டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்ததுதான் அந்த நாளின் செய்தி. 1980-களின் தொடக்கத்திலிருந்து ஆண்கள் கால்பந்து ஆட்டங்களின் வாசல் அவர்களுக்கு மூடியிருந்தது. ஒரு மாதம் முன்புதான், ஆண் உடையில் ஆசாதிக்குள் நுழைய முயன்று பிடிபட்டு வழக்கைச் சந்தித்த சஹர் கொதாயாரி என்ற இளம் ரசிகை, நீதிமன்றத்துக்கு வெளியே தனக்குத் தானே தீ வைத்துக்கொண்டு இறந்திருந்தார். உலகெங்கும் எழுந்த கோபமும் ஃபிஃபாவின் நெருக்குதலும் சேர்ந்துதான் அந்த மூலையைத் திறந்தன.

ஆனால் ஆசாதியில் பெண்களே உட்கார்ந்ததில்லை என்று நினைத்தால் அது தவறு. 2001 நவம்பரில் அயர்லாந்து அணி உலகக் கோப்பைத் தகுதிக்கான பிளே-ஆஃப் ஆட வந்தபோது, அணியோடு வந்த சில ஐரிஷ் பெண்களை உள்ளே விட்டார்கள். 2017 செப்டம்பர் 5 அன்று சிரியாவுக்கு எதிரான தகுதிச் சுற்று ஆட்டத்தில் சிரியப் பெண்கள் தங்கள் நாட்டுக் கொடியோடு கேலரியில் ஆடிப் பாடினார்கள். அன்று இணையத்தில் டிக்கெட் வாங்கிவிட்ட ஈரானியப் பெண்கள் மைதானத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். ஆண்களின் கெட்ட வார்த்தைகள் பெண்கள் காதில் விழக் கூடாது என்பதும் தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. வெளிநாட்டுப் பெண்ணின் காது மட்டும் எப்படித் தப்பியது என்று யாரும் சொல்லவில்லை.

விருந்தோம்பல் பற்றிய நம் வழக்கமான எண்ணத்தை இந்த 2017 ஆட்டம் தலைகீழாக்குகிறது. அந்நியரை ஏற்பதுதான் கடினம், சொந்தக்காரர் எப்படியும் உள்ளே வந்துவிடுவார் என்று நினைக்கிறோம். ஆசாதியில் அந்நியப் பெண் ஒரு நாள் வந்து போகிறவள். அவளால் எதுவும் மாறாது. சொந்தப் பெண் உள்ளே வந்தால் அடுத்த வாரமும் வருவாள், வேறு கதவுகளையும் தட்டுவாள். ஜாஃபர் பனாஹியின் ‘ஆஃப்சைடு’ படம் பிறந்தது இந்த இடத்தில்தான். 2005-ல் ஈரான்–பஹ்ரைன் தகுதிச் சுற்று ஆட்டத்தைப் பின்னணியாக்கி, ஓரளவு அந்த ஆட்டத்தின்போதே எடுக்கப்பட்ட படம் அது. 2019-ல் திறந்த மூலையும் அப்படியே திறந்திருக்கவில்லை. 2022 மார்ச்சில் மஷ்ஹத் நகரில் லெபனானுக்கு எதிரான தகுதிச் சுற்று ஆட்டத்துக்கு டிக்கெட் வாங்கிய பெண்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள். அவர்கள் மேல் மிளகு ஸ்ப்ரே அடிக்கப்பட்டது.

அக்டோபர் 14, சோஃபியா. ஐரோப்பியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் பல்கேரியா–இங்கிலாந்து. வசில் லெவ்ஸ்கி மைதானத்தின் ஒரு பகுதி அன்று ஏற்கெனவே மூடப்பட்டிருந்தது. ஜூன் மாத ஆட்டங்களில் பல்கேரிய ரசிகர்கள் இனவெறியோடு நடந்துகொண்டதற்கான தண்டனை அது. ஆகவே என்ன நடக்கலாம் என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். இருந்தும் ஆட்டத்துக்கு முன் பல்கேரியப் பயிற்சியாளர் க்ராசிமிர் பலாகோவ், இங்கிலாந்திலேயே இனவெறிப் பிரச்சினை பெரிது என்று பேசிக்கொண்டிருந்தார். முதல் பாதியிலேயே இரு முறை ஆட்டம் நின்றது. குரங்குச் சத்தம் எழுப்பியவர்களில் பலர் கறுப்பு உடையில் ஒரே கூட்டமாக நின்றவர்கள். அன்றுதான் இங்கிலாந்துக்காக முதல் முறை ஆடிய டைரோன் மிங்ஸ் அதைக் கேட்டு உதவி நடுவரிடம் திரும்பிக் கேட்ட காட்சி எல்லாத் தொலைக்காட்சிகளிலும் வந்தது. இடைவேளையில் பல்கேரிய அணித்தலைவர் இவெலின் போபோவ் கேலரி அருகே போய்த் தன் நாட்டு ரசிகர்களிடம் வாதாடினார். இங்கிலாந்து 6-0 என்று வென்றது. மறுநாள் பிரதமர் பொய்கோ போரிசோவ் கேட்டுக்கொண்டபடி கால்பந்துச் சங்கத் தலைவர் பதவி விலகினார். சில நாளில் பலாகோவும் விலகினார். ஐரோப்பியச் சம்மேளனம் 75,000 யூரோ அபராதமும், ஆளில்லா மைதானத்தில் ஆட வேண்டிய தண்டனையும் விதித்தது.

இங்கே எனக்கு முக்கியமாகப் படுவது போபோவ் போன திசை. விருந்தாளியைச் சமாதானப்படுத்த அவர் எதிரணியின் பக்கம் போகவில்லை. தன் வீட்டாரிடம் போனார். பல்கேரியாவின் சொந்த ரோமா மக்களும் துருக்கிய வம்சாவளியினரும் ஆண்டு முழுக்கக் கேட்கிற ஏச்சையே அன்று கேமராக்களின் முன் இங்கிலாந்துக் கறுப்பின வீரர்கள் கேட்டார்கள். சங்கமும் அரசும் பதறியது, வெளியாள் ஒருவர் அதைக் கேட்டுவிட்ட பிறகுதான்.

பியாங்யாங் ஆட்டம் நடந்த அதே அக்டோபர் 15 அன்று மேற்குக் கரையின் அல்-ராம் ஊரில் பாலஸ்தீனம் சவூதி அரேபியாவைச் சந்தித்தது. அதுவும் 0-0. ஃபைசல் அல்-ஹுசைனி மைதானம் இஸ்ரேல் எழுப்பிய தடுப்புச் சுவரிலிருந்து எட்டிப் பார்க்கும் தூரம். 1998-ல் ஃபிஃபா உறுப்பினரான பாலஸ்தீனம் ‘உள்ளூர்’ ஆட்டங்களை நெடுங்காலம் கத்தார் போன்ற நாடுகளில்தான் ஆடியது. தன் மண்ணில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று ஆட்டம் ஒன்றை அது முதன்முதலில் நடத்தியது 2011 ஜூலையில், ஆப்கானிஸ்தானுக்கு எதிராக. 2015-ல் சவூதி அணி இங்கே வர மறுத்தது. இஸ்ரேலின் சோதனைச் சாவடியைக் கடந்து வந்தால் இஸ்ரேலை ஏற்றதாகிவிடும் என்பது அரபு நாடுகள் பலவற்றின் பழைய வாதம். ஆட்டம் ஜோர்டானின் அம்மானுக்குப் போனது. நான்கு ஆண்டு கழித்து அதே சவூதி அணி ஜோர்டான் வழியாக வந்து, அல்-அக்ஸா பள்ளிவாசலுக்கும் போய்விட்டு, மைதானத்தில் இறங்கியது. பாலஸ்தீனத் தலைவர்கள் அதை வரலாறு என்றார்கள். எதிரியோடு உறவைச் சகஜமாக்கும் வேலை இது என்று கண்டித்தவர்களும் இருந்தார்கள்.

மற்ற இடங்களிலெல்லாம் வீட்டுக்காரர் கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறார். அல்-ராமில் கதவின் சாவியே வீட்டுக்காரரிடம் இல்லை. விருந்தினர் வந்து சேர்ந்தால், வீடு இருக்கிறது என்பதற்கு அவர் சாட்சி. அதனால்தான் பாலஸ்தீனக் கால்பந்துச் சங்கத்துக்கு உள்ளூர் ஆட்டம் என்பது புள்ளிக் கணக்கைவிடப் பெரிய விஷயம்.

கொசோவோவிலும் இதே பசி இருந்தது, ஆனால் மகிழ்ச்சியான வடிவத்தில். 2008-ல் விடுதலை அறிவித்த அந்நாடு 2016-ல்தான் ஐரோப்பியச் சம்மேளனத்திலும் ஃபிஃபாவிலும் சேர முடிந்தது. மைதானம் சீரமைக்கப்படும் வரை ‘உள்ளூர்’ ஆட்டங்களைப் பக்கத்து அல்பேனியாவின் ஷ்கோடர் நகரில் நடத்தியது. 2019 நவம்பர் 17 அன்று இங்கிலாந்து பிரிஷ்டினாவுக்கு வந்தபோது நகரமே வாசலில் வந்து நின்றது போலிருந்தது. இங்கிலாந்துக் கொடிகள், நல்வரவுப் பலகைகள், எங்கும் கைகுலுக்கல். 1999-ல் நேட்டோ குண்டுவீச்சுக்கு முன்னின்ற டோனி பிளேரின் பெயரை ‘டோனிபிளேர்’ என்று ஒரே சொல்லாக்கிப் பிள்ளைகளுக்கு வைத்த ஊர் அது. இங்கிலாந்து 4-0 என்று வென்றது. வரவேற்பில் குறை இல்லை. சோஃபியாவில் ஒரு மாதம் முன்பு ஏச்சு வாங்கிய அதே அணிதான் இது. எதிரணி மாறவில்லை, வீடுதான் மாறியிருந்தது.

கொசோவோவே விருந்தாளியாகப் போகும்போது என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஸ்பெயின் அந்நாட்டை இன்றுவரை ஏற்கவில்லை. காரணம் கொசோவோவில் இல்லை, கட்டலோனியாவில் இருக்கிறது: பிரிந்துபோன ஒன்றை நாடென்று ஒப்புக்கொண்டால் நாளை பார்சிலோனாவில் என்ன கேட்பார்கள் என்ற கவலை. 2021 மார்ச் 31 அன்று செவில்லேவில் நடந்த உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்கு முன் ஸ்பானியச் சங்கம் எதிரணியைக் ‘கொசோவோ பிரதேசம்’ என்று குறிப்பிட்டது. கொடியும் கீதமும் விதிப்படி இருந்தன. ஆனால் அரசுத் தொலைக்காட்சியின் ஸ்கோர் பலகையில் ஸ்பெயினின் சுருக்கப் பெயர் பெரிய எழுத்துகளிலும் கொசோவோவின் பெயர் சிறிய எழுத்துகளிலும் ஓடின. 90 நிமிடம் முழுக்க அந்த அற்பத்தனம் திரையின் மூலையில் நின்றது.

தகுதிச் சுற்றின் அமைப்பிலேயே இதற்கொரு மருந்து வைக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லலாம். இது மறுவீடு அழைக்கும் கல்யாண வழக்கம் போன்றது: இன்று உன் ஊரில் நான், அடுத்து என் ஊரில் நீ. நாளை நாமும் அங்கே போய் நிற்க வேண்டுமே என்ற நினைப்பு உபசாரத்தைத் தானாகக் கொண்டுவரும். கோட்பாடு அப்படி. 2005 நவம்பரில் துருக்கியும் சுவிட்சர்லாந்தும் அந்தக் கோட்பாட்டின் இன்னொரு பக்கத்தைக் காட்டின. 12-ம் தேதி பெர்னில் துருக்கியின் கீதம் ஒலித்தபோது ரசிகர்கள் விசிலடித்தார்கள். சுவிஸ் அணி 2-0 என்று வென்றது. நான்கே நாளில் மறு ஆட்டம் இஸ்தான்புல்லில். விமான நிலையத்தில் சுவிஸ் அணியைப் பாஸ்போர்ட் சோதனையில் நெடுநேரம் காக்க வைத்தார்கள். பேருந்தின் மேல் முட்டை பறந்தது. துருக்கி 4-2 என்று வென்றும், வெளியூரில் அடித்த கோல்களின் கணக்கில் வெளியேறியது. விசில் ஊதியதும் வீரர்கள் உடைமாற்றும் அறைகளுக்குப் போகும் சுரங்கப் பாதையில் அடிதடி. சுவிஸ் வீரர் ஸ்டெஃபான் கிரிஷ்டிங் மருத்துவமனைக்குப் போனார். துருக்கி ஆறு உள்ளூர் ஆட்டங்களை வெளிநாட்டில், ஆளில்லாமல் ஆட வேண்டுமென்று ஃபிஃபா விதித்தது. மேல்முறையீட்டில் அது மூன்றானது. துருக்கியின் ‘உள்ளூர்’ ஆட்டங்கள் ஜெர்மனியின் ஃப்ராங்க்ஃபர்ட்டில் காலி மைதானத்தில் நடந்தன. மறுவீடு இவ்வளவு சீக்கிரம் வந்தால் பழி ஆறுவதில்லை.

விமான நிலையக் காத்திருப்பு 2019 ஜூனில் துருக்கிக்கே நேர்ந்தது. துருக்கி அணி கோன்யாவிலிருந்து ஐஸ்லாந்தின் கெஃப்லாவிக் விமான நிலையத்தில் இறங்கியதும் நீண்ட சோதனைக்கு உள்ளானது. கோன்யா விமான நிலையம் தங்கள் அங்கீகாரப் பட்டியலில் இல்லாததால் விதிப்படி சோதித்தோம் என்றது ஐஸ்லாந்து. அங்கே செய்தியாளர்களின் மைக்குகளுக்கு நடுவே ஒருவர் துருக்கி வீரர் எம்ரே பெலொசோலுவின் முகத்தருகே தேய்க்கும் பிரஷ் ஒன்றை நீட்டிவிட்டார். துருக்கி வெளியுறவு அமைச்சகம் எதிர்ப்புக் குறிப்பு அனுப்பும் வரை போனது விஷயம். பிரஷ்காரர் கடைசியில் பெல்ஜியத்துக்காரர்! வீட்டுக்காரர் செய்யாத அவமதிப்புக்கும் வீட்டுக்காரரே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

மீண்டும் அக்டோபர் 15. அன்று பஹ்ரைனில் ஈரானின் கீதத்தைக் கூச்சலால் மூழ்கடித்தார்கள் என்று ஈரான் புகார் செய்தது. ஷியா பெரும்பான்மையை சுன்னி அரச குடும்பம் ஆளும் அந்நாட்டில் அந்தக் கூச்சலின் பின்னணியை விளக்கத் தேவையில்லை. அதே மாலை கொல்கத்தாவின் சால்ட் லேக் மைதானத்தில் 60,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். இந்தியா–வங்கதேசம். செப்டம்பரில் தோஹாவில் கத்தாரை 0-0 என்று மடக்கிவிட்டு வந்திருந்த இந்தியா எளிதாக வெல்லும் என்று எல்லோரும் நினைத்தார்கள். 42-வது நிமிடத்தில் டென்மார்க்கில் பிறந்த வங்கதேச அணித்தலைவர் ஜமால் பூயான் அடித்த ஃப்ரீ-கிக்கை சாத் உத்தீன் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். இந்தியா 88-வது நிமிடத்தில் ஆதில் கான் தலையால்தான் தப்பித்தது.

அந்தக் கேலரியில் யாரெல்லாம் உட்கார்ந்திருந்தார்கள் என்பதுதான் கொல்கத்தாவின் சிறப்பு. அந்த நகரத்தின் பாதிக் கால்பந்து, 1920-ல் தொடங்கிய ஈஸ்ட் பெங்கால் கிளப்பைச் சுற்றியது. அதன் ரசிகர்களில் பெரும்பகுதி, பிரிவினையில் கிழக்கிலிருந்து வந்த குடும்பங்களின் வாரிசுகள். அந்த அணி வென்ற நாளில் வீட்டில் இலிஷ் மீன் சமைப்பவர்கள். பாட்டியின் ஊர் இன்று வங்கதேசத்தில் இருப்பவர்கள். விருந்தாளியின் மொழியும் இவர்கள் மொழியே. அதே நேரம், ஆகஸ்ட் 31 அன்று அசாமின் குடிமக்கள் பதிவேட்டிலிருந்து 19 லட்சம் பேர் விடுபட்டிருந்தார்கள். அடுத்தது மேற்கு வங்கமா என்ற பேச்சு அந்த அக்டோபர் முழுக்க நகரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர் யார், எப்போது வந்தார் என்ற கேள்வி, கேலரியில் இருந்த பலரின் பிறப்புச் சான்றிதழையே தொடக்கூடியது. பதினொரு வங்கதேச வீரர்களைப் பற்றி அந்த மாலையில் யாருக்கும் பயமில்லை.

அந்த வாரத்து ஆட்டங்களில் பலவற்றுக்கு முறையான மறு ஆட்டம் வாய்க்கவே இல்லை. வடகொரியா 2021 மே மாதம் போட்டியிலிருந்து விலகியதால் பியாங்யாங் முடிவே பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. தென்கொரியா அவர்களை எப்படி வரவேற்றிருக்கும் என்று இனித் தெரியாது. வங்கதேசம் இந்தியாவைத் தன் ஊரில் சந்திக்க வேண்டிய ஆட்டம் கொரோனாவால் தோஹாவுக்குப் போனது. 2021 ஜூனில் சுனில் சேத்ரியின் இரு கோல்களால் இந்தியா வென்றது.

இந்திய அணி தகுதிச் சுற்றுக்காக டாக்கா போய்ச் சேர்ந்தபோது 2025 நவம்பர் ஆகிவிட்டது. இப்போது ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. ஆட்டத்துக்கு முந்தைய நாள், 17-ம் தேதி, இந்தியாவில் தஞ்சம் புகுந்திருக்கும் முன்னாள் பிரதமர் ஷேக் ஹசீனாவுக்கு டாக்கா தீர்ப்பாயம் மரண தண்டனை விதித்திருந்தது. அவரை ஒப்படைக்கச் சொல்லி வங்கதேசம் இந்தியாவிடம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆட்டத்தைத் தள்ளிவைக்கவும் இல்லை, வேறு நாட்டுக்கு மாற்றவும் இல்லை. 18-ம் தேதி டாக்கா தேசிய மைதானத்தில் ஷேக் மொர்சலின் அடித்த கோலில் வங்கதேசம் 1-0 என்று வென்றது. இந்தியாவுக்கு எதிராக 22 ஆண்டுகளில் அதன் முதல் வெற்றி அது.